யாருடைய இடது?

அத்தியாயம் பதினான்கு

பத்தரை மணிக்குத் தொழிற்சாலைக்குள் போன் வந்தால் அது நல்ல சேதியாக இருக்காது. நல்ல சேதி சொல்கிறவர்கள் இடைவேளை பார்த்துக் கூப்பிடுவார்கள்.

தங்கை அப்போது ஏழாம் வரிசையில், ஒரு தையல் மெஷினுக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுத்திருந்தாள். வாயில் ஒரு திருகாணி. பையில் போன் அதிர்ந்தது. அம்மா.

"உங்கக்கா எறங்கிட்டா."

"எதுலேர்ந்தும்மா?"

"வேற எதுலேர்ந்து? கூடத்துல கட்டி வெச்சிருக்கியே, அந்த ஆடுற நாற்காலியிலேர்ந்துதான். ஒரே கத்தல். பக்கத்து வீட்டுல ஜன்னலைத் திறந்து பாக்குறாங்க. இனிமே அதுல ஏற மாட்டாளாம். பஸ்லயும் ஏற மாட்டாளாம். ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா."

"நாளைக்குக் காலையில டெஸ்ட்டும்மா!"

"அதைத்தான் சொல்றேன். போகப் போறதில்லையாம்."

திருகாணியை வாயிலிருந்து எடுத்தபோது அது பல்லில் பட்டு வலித்தது. நேற்று இரவு வரை எல்லாம் சரியாக இருந்தது. தங்கையே உட்கார்ந்து நாலு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள். பன்னிரண்டு மணி நேரத்தில் என்ன குடி முழுகிப்போயிற்று?

மேற்பார்வையாளரிடம் அரை நாள் விடுப்பு கேட்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஏழாம் வரிசையைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

*

அக்கா பஸ் ஓட்டுகிறவள். பதினொரு வருஷமாக ஓட்டுகிறாள். ஐந்து மாதத்துக்கு முன்னால், தண்ணீர்த் தொட்டி வளைவில், மழை அரித்து வைத்திருந்த சாலையின் ஓரம் உள்வாங்கி, பஸ் இடப்பக்கமாகச் சாய்ந்து பள்ளத்தில் இறங்கிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் சிராய்ப்போடு பிழைத்தார்கள். அக்காவுக்கு மட்டும் இடது முழங்கால் போயிற்று.

விசாரணை நடந்தது. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். கால் கூடிற்று. மருத்துவரும் வேலைக்குப் போகலாம் என்றார். ஆனாலும் டிப்போ அலுவலகம் விடவில்லை. மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டுமாம். ஒரே ஒரு வாய்ப்பாம். அதில் தவறினால் ஆயுசுக்கும் பயணச்சீட்டுக் கிடங்கில் உட்கார்ந்து கட்டு எண்ண வேண்டியதுதானாம்.

இதே டிப்போவில், தூங்கிவழிந்துகொண்டே போய் மின்கம்பத்தில் ஏற்றிய ஓட்டுநர் ஒருவர் உண்டு. அவர் மூன்றாவது வாரமே வண்டியை எடுத்தார். அவரை யாரும் ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை. அவருக்கு மீசை இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை நினைக்கும்போதெல்லாம் தங்கைக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கும் வந்தது.

அக்காவுக்குக் காலில் இப்போது ஒரு கோளாறும் கிடையாது. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. எந்த வண்டியில் உட்கார்ந்தாலும், அது இடதுபக்கம் திரும்பினால் போதும், அவள் உள்ளங்கை வேர்த்துக் கொட்டும், மூச்சு மேலே நின்றுவிடும். வலது வளைவில் ஒன்றும் இல்லை. நேர்ச் சாலையில் ஒன்றும் இல்லை. இடது மட்டும்தான்.

"ஆயிரம் தடவை திரும்பினா பழகிடும்க்கா" என்று தங்கை சொன்னாள். "ஆயிரம் தடவை திரும்ப எவன் பஸ் குடுப்பான்?" என்று அக்கா கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அந்த ஆடும் மேடை வந்தது. தொழிற்சாலையில் கழித்துக்கட்டிய துணி விரிக்கும் இயந்திரங்களிலிருந்து மூன்று சர்வோ மோட்டார்களை, முறையாக எழுதிக் கொடுத்து, தங்கை வாங்கி வந்தாள். முன்பக்கம் இடது ஒன்று, வலது ஒன்று, பின்னால் ஒன்று. ஒவ்வொன்றின் தண்டிலும் ஒரு சாண் நீளத்துக்கு இரும்புக் கை. மோட்டார் சுழன்றால் கை எழும். கையோடு சேர்ந்த கம்பி மேலே இருக்கும் பலகையைத் தூக்கும். பலகையின் மேல் உடைத்த பஸ் ஒன்றின் ஓட்டுநர் இருக்கையும் ஸ்டியரிங்கும். எதிரே டி.வி. அதில் அக்காவின் பஸ் தடம், தொட்டி வளைவோடு, ஓடும்; அதற்குத் தகுந்தபடி பலகை சாயும், எழும், குலுங்கும்.

சர்வோ மோட்டார் என்பது மற்ற மோட்டார் மாதிரி போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும் ஜாதி இல்லை. சொன்ன கோணத்தில் போய் நிற்கும். எங்கே நிற்கிறேன் என்று திரும்பப் பதிலும் சொல்லும். அந்த வீட்டில் அவ்வளவு ஒழுங்கான ஆள் வேறு யாரும் இல்லை என்று தங்கை சொல்வதுண்டு. அக்காவின் கணவர், அத்தான், அதைக் கேட்டுச் சிரிப்பார். இவளுக்கு 'ஸ்பானர்' என்று பெயர் வைத்தவரே அவர்தான்.

*

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றே முக்கால்.

கூடத்தில் பாதியை மேடை அடைத்திருந்தது. சோபாவைப் படுக்கை அறைக்குத் துரத்தி இரண்டு மாதமாகிறது. அத்தான் மிச்சமிருந்த ஒரே நாற்காலியில், மதிய வேலைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் அதே டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போயிற்று, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதுகிறவர். வீட்டிலும் செருப்புகள் வரிசையாகத்தான் நிற்கும்.

"வா ஸ்பானர். உன்னைத்தான் எதிர்பார்த்தேன். பாவம், அவளால முடியலம்மா."

"என்ன ஆச்சு அத்தான்? மொதல்லேர்ந்து சொல்லுங்க."

"நான் பக்கத்துலயேதான் நின்னேன். மேடையை நிறுத்துற அந்தச் சிவப்புப் பொத்தானைக் கையிலேயே பிடிச்சிட்டிருந்தேன். நேர் ரோட்ல ஜம்முனு ஓட்டினா. பிரேக் போட்டா, குலுங்கிச்சு, சிரிச்சா கூட. தொட்டி வளைவு வந்தது பாரு... ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிச்சா. அவ்வளவுதான். வீல்னு ஒரு சத்தம். நான் பொத்தானை அமுக்கிட்டேன்."

"ஒரு தடவைதானா?"

"மூணு தடவை. மூணு தடவையும் அதே இடம், அதே சத்தம்." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இதுக்கு மேல அவளைப் போட்டு வாட்ட வேண்டாம். கிடங்கு வேலை ஒண்ணும் கேவலம் இல்ல. மின்விசிறிக்கு அடியில உக்காந்து பாக்குற வேலை."

ஆறுதல் சொல்லும் குரல்தான். ஆனால் அந்த ஆறுதலில் ஒரு நிம்மதி கலந்திருந்தது தங்கையின் காதில் விழுந்தது. அவள் போய் அறைக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, நான்தான்."

"போடி."

"என்ன பண்ணிச்சுன்னு மட்டும் சொல்லு."

கதவுக்குப் பின்னாலிருந்து, மூக்கடைத்த குரலில் பதில் வந்தது. "சாஞ்சிடுச்சுடி. அன்னிக்கு மாதிரியே. இடது பக்கம் அப்படியே உள்ள போச்சு. நீ கட்டினது சரியாத்தான் இருக்கும். என் உடம்புதான் பொய் சொல்லுது. பொய் சொல்ற உடம்பை வெச்சுக்கிட்டு நான் அம்பது பேரை ஏத்திட்டுப் போகக் கூடாது."

"இடது பக்கமா சாஞ்சுது?"

"ஆமாம்."

"இடது வளைவுலயா?"

"ஆமாம்டி! எத்தனை வாட்டி சொல்றது?"

தங்கை கதவிலிருந்து கையை எடுத்தாள். பஸ் இடப்பக்கம் திரும்பினால் உள்ளே இருக்கிற உடம்பு வலப்பக்கம் தள்ளப்படும். இது பஸ்ஸில் நின்றுகொண்டு போன யாருக்கும் தெரியும். ஆகவே மேடையும் அந்த வளைவில் வலப்பக்கம்தான் சாய வேண்டும். நேற்று இரவு வலப்பக்கம்தான் சாய்ந்தது. நாலு முறையும்.

அவள் விடுவிடுவென்று வந்து மேடையில் ஏறி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டாள். மோட்டார்கள் முனகிக்கொண்டு எழுந்தன. நேர்ச் சாலை சரியாக இருந்தது. பிரேக்கை மிதித்தால் முன்பக்கம் தாழ்ந்தது, அதுவும் சரி. தொட்டி வளைவு வந்தது. ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்பினாள்.

இருக்கையின் இடதுபக்கம் படாரென்று கீழே போயிற்று.

சாய்ந்த பஸ்ஸில் இருந்தவள் இல்லை இவள். இவள் கையே தானாகப் போய் சுவிட்சை அணைத்தது. இதில் அக்காவை மூன்று முறை உட்கார வைத்திருக்கிறார்கள். சரிந்த சாலையில் அந்த பஸ் எப்படிப் போயிற்றோ, அதே மாதிரி இவர்கள் வீட்டுக் கூடத்திலேயே அவளை மூன்று முறை பள்ளத்தில் இறக்கியிருக்கிறார்கள்.

"யாரு இதுல கை வெச்சது?"

*

கீழே குனிந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நேற்று இரவு அவள் விட்டுவிட்டுப் படுத்தபோது தரையெல்லாம் ஒயராகக் கிடந்தது. இப்போது அத்தனையும் ஜடை பின்னின மாதிரி ஒன்றாகச் சேர்ந்து, சாணுக்கு ஒரு வெள்ளைக் கட்டோடு, சுவர் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. இந்த வீட்டில் இதைச் செய்யக்கூடியவர் ஒரே ஒருவர்தான்.

"நான்தான்" என்றார் அத்தான். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னார். "விடியக்காலையில எழுந்து ஒழுங்கு பண்ணினேன். அவ கால் இருக்கிற நிலைமைக்கு ஒயர்ல தடுக்கி விழுந்தா என்ன ஆகும்?"

"பிளக்கைக் கழட்டினீங்களா?"

"கழட்டாம எப்படிக் கட்டறது? ஆனா பாத்துத்தான் மாட்டினேன். நீதான் எழுதி வெச்சிருக்கியே. 'இ'ன்னா இடது, 'வ'ன்னா வலது. 'இ'யை இடது மோட்டார்ல மாட்டினேன், 'வ'வை வலது மோட்டார்ல மாட்டினேன். சின்னப் புள்ளைகூட மாட்டும்."

தங்கை மேடைக்கு முன்னால் போய் நின்று தன் இடது கையைப் பார்த்தாள்.

தையல் மெஷின் பழுது பார்க்கிறவர்கள் தைக்கிறவளுக்கு எதிர்ப்பக்கம் நின்று வேலை செய்கிறவர்கள். அவர்களுடைய இடது, உட்கார்ந்து தைக்கிறவளுக்கு வலது. அந்தத் தொழிற்சாலையில் யார் 'இடது' என்றாலும் 'யாரு இடது?' என்று திருப்பிக் கேட்டுக்கொண்டுதான் கையை வைப்பார்கள். எட்டு வருஷப் பழக்கத்தில் அவள் மேடைக்கு முன்னால் இருக்கையைப் பார்த்து நின்றபடி, தன் இடதை இடது என்று பிளக்கில் எழுதிவிட்டாள். நேரக் காப்பாளரோ ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்கிற இடதைத்தான் இடது என்று சொல்லிப் பழகியவர். டிப்போவில் வேறு இடது கிடையாது.

இரண்டு பேருமே அவரவர் தொழிலுக்குச் சரியாக இருந்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவள் அக்கா.

தப்பில் பாதி தன்னுடையது என்று தெரிந்ததும் தங்கைக்குக் கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, இரட்டிப்பாயிற்று. ஒரு எழுத்தைச் சோம்பலில்லாமல் மோட்டார் மேலும் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

அவள் கதவுக்குப் போய் வாயை வைத்துக்கொண்டு கத்தினாள்.

"அக்கா! உன் உடம்பு பொய் சொல்லல. மெஷின்தான் பொய் சொல்லிச்சு. இடது வலது மாறிப்போச்சு. நான் எழுதினதுலதான் தப்பு. என்னைத் திட்டு, ஆனா வெளியில வா!"

"பாத்தீங்களா அத்தை, அவளே ஒத்துக்கறா" என்றார் அத்தான், சமையலறைப் பக்கம் திரும்பி.

"நான் ஒத்துக்கறது இருக்கட்டும் அத்தான். மூணு தடவை அவ கத்தியிருக்கா. மொத தடவை கத்தினதுமே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"வேலையில இருப்பே, எதுக்குத் தொந்தரவுன்னு..."

"மூணாவது தடவையும் உக்கார வெச்சது யாரு?"

"நிச்சயம் பண்ணிக்கலாமேன்னுதான். முடியுமா முடியாதான்னு அவளுக்கே ஒரு தெளிவு வரட்டுமேன்னு."

அந்தத் 'தெளிவு' தங்கைக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் வேண்டுமென்றே மாற்றி மாட்டியிருப்பாரோ என்ற சந்தேகம் வந்த வேகத்தில் போயிற்று. மனிதருக்கு பல்பு மாற்றுவதற்கே பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

வெள்ளைக் கட்டுகளை வெட்டி எறிந்தாள். பிளக்குகளை மாற்றி மாட்டினாள். மோட்டார் ஒவ்வொன்றின் தலையிலும் கொட்டை எழுத்தில், உட்காருகிறவளின் இடது, உட்காருகிறவளின் வலது என்று முழுசாக எழுதினாள். மூன்று கைகளையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஏறி ஓட்டிப் பார்த்தாள். இடது வளைவில் இருக்கை ஒழுங்காக வலப்பக்கம் சாய்ந்தது.

"அக்கா, இப்ப வா. ஒரே ஒரு தடவை. நாளைக்கு எட்டு மணிக்கு டெஸ்ட். இன்னும் இருபது மணி நேரம் இருக்கு. வந்து உக்காரு."

அப்போதுதான் அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"எதுக்குடி அவளைப் போட்டுப் படுத்தறே? இனிமே உக்காந்து என்ன ஆகப்போவுது? அதான் எழுதிக் குடுத்தாச்சே."

"என்ன எழுதிக் குடுத்தாச்சு?" என்றாள் தங்கை.

அம்மா மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை டீ டம்ளரைப் பார்த்தார். அதில் டீ இல்லை.

"அம்மா, என்ன எழுதிக் குடுத்தாச்சு? யாரு குடுத்தா?"

"மாப்பிள்ளை அவ நல்லதுக்குத்தான்... நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்" என்று அம்மா மென்று விழுங்கினாள்.

அறைக் கதவு திறந்தது.

*

அக்கா அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக மேடைக்கு வந்து, வலது காலை முதலில் வைத்து ஏறி, இருக்கையில் உட்கார்ந்து பட்டையை மாட்டிக்கொண்டாள்.

"தொட்டி வளைவு போடு."

"அக்கா, மொதல்ல அந்த லெட்டர் என்னன்னு..."

"போடுன்னு சொன்னேன்."

தங்கை போட்டாள். சிவப்புப் பொத்தானை இப்போது அவளே பிடித்துக்கொண்டாள்.

சாலை ஓடி வந்தது. தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. இடதுபக்கம் திருப்பினாள். இருக்கை வலப்பக்கம் சாய்ந்து, தாங்கி, மெதுவாக நிமிர்ந்தது. அவள் மூச்சை விட்டாள்.

"மறுபடி."

இரண்டாம் முறை விரல்கள் அவ்வளவு வெளுக்கவில்லை.

"மறுபடி."

மூன்றாம் முறை வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பின்னால் நிற்கிறவர்கள் கையிலிருக்கும் காபி சிந்தாத அளவுக்கு வண்டியைத் திருப்பினாள். பதினொரு வருஷம் ஓட்டியவளின் திருப்பம் அது. தங்கை பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

அக்கா பட்டையைக் கழற்றினாள். இறங்கவில்லை. உள்ளங்கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

"என்ன எழுதினீங்க?"

"உக்காந்து பேசலாம்."

"நான் உக்காந்துதான் இருக்கேன். என்ன எழுதினீங்க?"

அத்தான் டம்ளரைச் சுவர் ஓரமாக நகர்த்தி வைத்தார். "டெஸ்ட் வேண்டாம், கிடங்கு வேலை போதும்னு."

"அந்த லெட்டர்ல இருக்கிற மாதிரியே சொல்லுங்க."

"அப்படியே எப்படி..."

"எத்தனை மணிக்கு எந்த வண்டி போச்சுன்னு ஒரு வருஷத்துக்கு முன்னாடி உள்ளதைக் கேட்டாலே சொல்லுவீங்க. சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தார். "உடல்நிலை காரணமாக ஓட்டுநர் பணியைத் தொடர இயலாத நிலையில் இருப்பதால், மறுதேர்விலிருந்து விலகிக்கொண்டு, கிடங்குப் பணியை நானே மனமுவந்து ஏற்றுக்கொள்கிறேன்."

"நானேவா?" என்றாள் தங்கை. "யாரு அந்த நானே?"

"நீ சும்மா இரு ஸ்பானர்."

"எப்படி அத்தான் சும்மா இருக்கிறது? அவ எழுதல, அவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது, கையெழுத்தும் நீங்களே போட்டிருக்கீங்க. அப்புறம் என்ன 'நானே'? எப்ப குடுத்தீங்க?"

"போன... போன மாசக் கடைசியில."

"அதாவது பத்து நாள் முன்னாடி. பத்து நாள் முன்னாடி பின் மோட்டாரே மாட்டல! இன்னிக்கு அவ உக்காந்து முடியலன்னதும் 'பாவம் முடியல'ன்னு டீ குடிச்சிட்டு உக்காந்திருந்தீங்களே, அவ இதுல ஏறுறதுக்கு முன்னாடியே முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டீங்களா? நாளைக்கு இவ யூனிபார்மை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு டிப்போ வாசல்ல போய் நின்னிருப்பா. 'நீங்கதானேம்மா வேண்டாம்னு எழுதினீங்க'ன்னு பத்து பேருக்கு முன்னாடி சொல்லியிருப்பாங்க. அதைப் பாத்துக்கிட்டு நீங்க கூண்டுக்குள்ள உக்காந்து நேரம் எழுதிட்டு இருந்திருப்பீங்களா?"

"காலையில சொல்லிடலாம்னுதான்..."

"இன்னிக்குக் காலையில சொல்லலையே! அவ மூணு தடவை கத்தினப்போ சொல்லலையே!"

"அன்னிக்கு நான் கத்தினது யாருக்குத் தெரியும்?" அத்தான் எழுந்துவிட்டார். "அன்னிக்கு டூட்டியில இருந்தவன் நான். இவ வண்டி வரல. பன்னெண்டு நிமிஷம் லேட்னு சிவப்பு மையில எழுதினேன். என் கையால எழுதினேன். லேட்டுன்னு நெனச்சு, மனசுக்குள்ள திட்டிக்கிட்டே எழுதினேன். அப்புறம்தான் போன் வந்தது. அந்தப் பன்னெண்டு நிமிஷம் இவ பள்ளத்துல கிடந்திருக்கா. இனிமே தினமும் இவ வண்டியை வெளியில அனுப்பிட்டு, உள்ள வர்ற வரைக்கும் கடிகாரத்தைப் பாத்துட்டு உக்கார என்னால முடியாது. என்னால முடியாதும்மா!"

தங்கைக்குக்கூட ஒரு கணம் அவரைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

அக்கா மேடையிலிருந்து இறங்கினாள். மெதுவாக, இடது காலைப் பார்த்து வைத்து இறங்கினாள். கணவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உங்களால முடியாது" என்றாள். "அது வாஸ்தவம். நீங்க என்கிட்ட அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ராத்திரி முழுக்க உக்காந்து கேட்டிருப்பேன். சேர்ந்து அழுதிருப்பேன். ஆனா உங்களால முடியாததை எதுக்குங்க என்னால முடியாதுன்னு எழுதினீங்க?"

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சு மாசமா நான் எனக்குப் பயந்தாங்கொள்ளின்னு பேர் வெச்சுக்கிட்டு அழுதேன். இந்த வீட்டுல பயந்தவர் வேற ஒருத்தர்னு யாருமே சொல்லல." அம்மா பக்கம் திரும்பினாள். "நீயும் சொல்லல."

"உயிரோட இருந்தாப் போதும்னு நெனச்சேன்டி" என்றாள் அம்மா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

"இருக்கேம்மா. உயிரோடதான் இருக்கேன்."

அக்கா அலமாரி மேலிருந்த தன் போனை எடுத்து டிப்போ மேலாளருக்கு அடித்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு வைத்தாள்.

"சொல்லும்மா. கால் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார். நாளைக்கு எட்டு மணிக்கு வரேன். எந்த வண்டின்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். "நாளைக்கா? உன் பேரை எடுத்தாச்சேம்மா. நீதானே விலகிக்கறேன்னு எழுதிக் குடுத்தே? கோப்பு மேல போயிடுச்சு. உன் வீட்டுக்காரர்தான் கொண்டாந்து குடுத்தார்."

"நான் டெஸ்டுக்கு வரணும் சார்."

"அதெப்படிம்மா? கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வேணும்போது வேண்டாம், வேண்டாம்போது வேணுமா? இந்த லெட்டர் இருக்கிற வரைக்கும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது." கொஞ்சம் நிறுத்தினார். குரல் மாறிற்று. "ஏம்மா, இது உன் கையெழுத்துதானே?"

தங்கைக்குப் புரிந்தது. அத்தானுக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது; அவர் முகத்தில் ரத்தம் இல்லை. இல்லை என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் நாளைக் காலை அவள் வண்டியில் இருப்பாள். பொய்க் கையெழுத்துப் போட்ட நேரக் காப்பாளர் கூண்டில் இருக்க மாட்டார். ஆமாம் என்றால் அவர் வேலை பிழைக்கும். அவள் ஆயுசுக்கும் கட்டு எண்ணுவாள்.

"என்னம்மா, லைன்ல இருக்கியா? நான் கேட்டது காதுல விழுந்ததா? இது யாரு போட்ட கையெழுத்து?"

அக்கா போனைக் கணவனுக்கு முன்னால் நீட்டினாள்.

"எழுதும்போது நானேன்னு எழுதத் தெரிஞ்சுதில்ல?" என்றாள். "இப்ப சொல்லுங்க."

அத்தான் போனை வாங்கினார். ஸ்பீக்கரை அணைக்கப் போன விரலைத் தங்கை பிடித்துக்கொண்டாள். அவர் ஒரு தடவை மேடையைப் பார்த்தார், ஒரு தடவை மனைவியைப் பார்த்தார்.

"சார்" என்றார். "நான்..."